வேறு உறைக்குள் இருந்த சி.டி.

க்யிம்யிண்டைங் பேட்டையில் இருந்த என் நண்பன் வேலை கிடைத்து பேங்காக்குக்குப் போனபோது, முந்நூறுக்கும் மேற்பட்ட பாட்டு சி.டி.க்களை மூன்று அட்டைப்பெட்டிகளில் கட்டி என் வீட்டில் இறக்கினான்.

"ஒண்ணு விடாம கம்ப்யூட்டர்ல ஏத்திடுடா. எம்பி3 வேணாம். ஒரு துளி சத்தம்கூடக் குறையக்கூடாது."

அதற்கான மென்பொருளையும் அவனே என் மடிக்கணினியில் போட்டுக் காட்டினான். பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் சொல்லி நான் மறுத்ததில்லை.

அந்த மென்பொருள் லேசில் திருப்திப்படாது. சி.டி. தட்டின் ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை படிக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி படிக்கும். அதே தட்டை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்று இணையத்தில் ஒப்பிட்டும் பார்க்கும். முடிவில் எந்தப் பாட்டு முழுசாக வந்தது, எது சந்தேகம் என்று ஓர் அறிக்கை எழுதி வைக்கும். நல்ல தட்டென்றால் பத்து நிமிடம், கீறல் விழுந்ததென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். நான் இருக்கும் தாமுவேயில் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் மீ என்று சொல்லும் மின்சாரம் நடுவில் போனால் என் பழைய பேட்டரி தாங்காது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அச்சுக்கடை வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்று, திரும்பி வந்ததும் இரண்டு என்று இரண்டு மாதம் ஏற்றினேன்.

இரண்டாவது பெட்டியில் ஒரு சினிமாப் பாட்டு உறையைத் திறந்தபோது, உள்ளே இருந்தது அந்தப் படத்தின் தட்டு இல்லை. பொன்நிறத்தில், கடையில் பதிந்து தரும் வெறும் தட்டு. மேலே பேனாவால் 'அப்பா' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூ வரைந்திருந்தது. என் தங்கையின் கையெழுத்து.



அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதியவர். சனிக்கிழமைகளில் கோயிலில் பாடுவார். இருபது வருடத்துக்கு முன்னால், ஒரு போட்டோக்கடைக்காரர் பின்னறையில் ஒலிப்பதிவும் செய்து கொடுத்தார். அப்பாவை நான்தான் அழைத்துப் போனேன். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தங்கை ஜால்ரா தட்டினாள். பதினோரு பாட்டு. ஒரே ஒரு தட்டு. எங்கள் வீட்டில் அப்போது கம்ப்யூட்டர் இல்லை. நண்பன் வீட்டில் இருந்தது. பிரதி எடுத்துத் தருகிறேன் என்று வாங்கிப் போனான்.

ஒரு மாதம் கழித்துக் கேட்டேன். "அன்னைக்கே கொண்டாந்தேனே, நீ இல்லை. உன் தங்கச்சி கையில கொடுத்தேன்," என்றான்.

தங்கையைக் கேட்டேன். "அவரு எங்கிட்ட ஒண்ணும் தரலை அண்ணே," என்றாள்.

அவள் குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு வருவாள், சாவியை எங்காவது வைத்துவிட்டுத் தேடுவாள். எனக்கு அது போதுமாக இருந்தது. "வீட்டுல இருக்கிறதையெல்லாம் தொலைக்கிறதுக்குன்னே இருக்கே நீ," என்று அப்பா முன்னால் கத்தினேன். அவள் இரண்டு நாள் வீடு முழுக்கத் தேடினாள். தான் வாங்காத பொருளை அவள் தேடியது ஏன் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அப்பா நெஞ்சு நோயில் படுத்தார். ஒரு மத்தியானம், "அந்தத் தட்டைப் போடேன், கேட்போம்," என்றார். என்னிடம் எரிச்சலைத் தவிர வேறு பதில் இல்லை. "அதைத்தான் உங்க மக தொலைச்சுட்டாளே, அவளைக் கேளுங்க," என்றேன். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. அந்த மாதமே போய்விட்டார்.

தட்டைத் துடைத்து உள்ளே போட்டேன். இணையத்தில் இப்படி ஒரு தட்டே இல்லை என்று மென்பொருள் சொன்னது. பாட்டுகளுக்குப் பெயரில்லாமல் வெறும் எண்கள் வந்தன. வெயிலிலும் புழுக்கத்திலும் கிடந்து தட்டின் விளிம்பு வெளுத்திருந்தது. மூன்று நாள், மீ இருந்த நேரமெல்லாம், அதையே படிக்கவிட்டேன். பத்துப் பாட்டு வந்தது. கடைசிப் பாட்டு மட்டும் வரவே இல்லை. அறிக்கையில் அதற்கு நேராகப் பிழை என்று இருந்தது.

நண்பனை வீடியோவில் அழைத்தேன். திரையில் சாப்பிட்டுக்கொண்டே பேசினான்.

"அப்பா பாடின சி.டி. உன் பெட்டியில இருந்துச்சுடா."

"எது? ஓ, அதுவா! அது எங்கிட்டயா இருந்துச்சு?"

"தங்கச்சி கையில கொடுத்தேன்னு சொன்னியே."

"கொடுத்ததாத்தான்டா ஞாபகம். உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன்... எவ்வளவு வருஷம் ஆச்சு! யபாடே, பரவாயில்லை விடு. கிடைச்சிருச்சுல்ல?" அடுத்த வாய் எடுத்துக்கொண்டு கேட்டான்: "மூணாவது பெட்டி எப்ப ஆரம்பிக்கிற?"

நான் திட்டவில்லை. திட்டத் தகுந்த வார்த்தைகளை எல்லாம் அந்தக் காலத்திலேயே வேறொருத்தி மேல் செலவழித்திருந்தேன். மறுநாள் டாக்சி பிடித்து மூன்று பெட்டிகளையும் க்யிம்யிண்டைங்கில் அவன் அக்கா வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். ஏற்றியதையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்தேன். "ஏன் தம்பி, முடிச்சுட்டீங்களா?" என்று அந்த அக்கா கேட்டார். முடித்துவிட்டேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் இன்சீனுக்குப் போனேன். தங்கை கல்யாணமாகிப் போனதிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். ஒரு மருந்துக்கடையில் வேலை. நல்லது கெட்டதுக்கு மட்டும் பார்த்துக்கொள்வோம். சும்மா வந்து நின்ற என்னைப் பார்த்ததும், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டாள்.

மேசைமேல் தட்டையும் பென் டிரைவையும் வைத்தேன். எங்கே கிடைத்தது என்று சொன்னேன். அவள் தட்டை எடுத்து, தான் வரைந்த பூவைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள்.

"ஆமா."

"ரொம்ப நாள் சொல்லிக்கிட்டே இருந்தேன், எனக்குள்ளயே. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு அண்ணே. நீங்க அவ்வளவு அடிச்சுச் சொன்னீங்க. ஒருவேளை வாங்கி எங்கயாச்சும் வெச்சுட்டேனோன்னு. என் மககிட்டகூடச் சொல்லியிருக்கேன், தாத்தா பாட்டை அம்மாதான் தொலைச்சேன்னு."

"மன்னிச்சுக்க தங்கச்சி," என்றேன்.

"நீங்க சொல்லிட்டீங்க, சரி. அப்பா என்ன நெனைச்சுக்கிட்டுப் போனாரு? அதை நான் யாருகிட்டக் கேக்குறது?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பத்துப் பாட்டு நல்லா வந்திருக்கு. ஒண்ணு போடட்டுமா?" என்றேன்.

"மீ இருக்கிறப்போ கேட்டுக்கிறேன்," என்றாள். எங்கள் தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

டீ கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன். வாசல்வரை வந்து, மழை வரும்போல இருக்கிறது, ஸ்டேஷனுக்குச் சீக்கிரம் போங்கள் என்றாள்.

அதற்குப் பிறகு கோயில் விசேஷத்தில் ஒருமுறை பார்த்தேன். என் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள், தெரு ஆளிடம் கேட்பதுபோல. நானும் பரவாயில்லை என்றேன். பாட்டைக் கேட்டாளா என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நண்பனிடமிருந்து இன்னும் செய்தி வருகிறது. என்ன கோபம் என்று விசாரிக்கிறான். அவன்மேல் கோபம்தான். ஆனால் அவன் சொன்னது ஒரே ஒரு பொய். அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, சாகக் கிடந்தவர் காதுவரை சேர்த்தது நான்.