பெரட்டில் ஒரு ஆள் மிச்சம்

பக்கத்துக் காம்பராக்காரியின் படத்தை என் அம்மா எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். பேப்பரில் வந்த படம். ஆய்வுக்கூடத்து வெள்ளை உடுப்பு, முகமூடி, கண் மட்டுந்தான் தெரியும். "அவதான்னு எப்படித் தெரியும்?" என்றால், "கண்ணப் பாத்தாலே தெரியல?" என்பார். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் நான் சான்றிதழ் வாங்கிய படம் பெட்டிக்குள் துணிக்கு அடியில் கிடந்தது.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளும் நானும் ஒரே குப்பி விளக்கில் உயர்தரம் படித்தோம். கீழே அணைக்கட்டில் பிறந்த கரண்டு எங்கள் தலைக்கு மேலே கம்பியில் கொழும்புக்குப் போனது, லயத்துக்கு இறங்கவில்லை. பௌதிகத்தில் அவளுக்கு விளங்காததை எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சையில் எனக்கு மயிரிழையில் தவறியது. கெம்பஸ் போனது அவள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன். அவள் வெளிநாடு போய், கண்ணுக்கே தெரியாத சில்லுகளைச் செய்யும் ஆராய்ச்சியில் பேராசிரியராகிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. இப்போது நினைத்தாலும் எரிகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம் திருவிழாவுக்கு வந்தாள். கோயில் முன்னால் அவள் கையில் மைக்கைக் கொடுத்து, ஆராய்ச்சியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "செமிகண்டக்டர டோப் பண்ணி..." என்று ஆரம்பித்தவளுக்கு அதற்கு மேல் தமிழ் வரவில்லை. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். "நீ சொல்லேன்டி."

இன்றைக்காவது அம்மா என்னைப் பார்க்கட்டும் என்று மைக்கை வாங்கினேன்.

"காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறோம். கங்காணி எல்லாருக்கும் கொழுந்தெடுக்க நெரை பிரிச்சுக் குடுத்துட்டாரு. அவங்கவங்க நெரையில நிக்கிறாங்க, யாரும் நகர முடியாது. சுத்தமான சிலிக்கன் அப்படித்தான், கரண்டு லேசுல ஓடாது. அதுல வேறொரு பொருள துளியூண்டு கலக்குறாங்க. இப்ப ஒரு ஆளு மிச்சம். அதுக்கு நெரை இல்ல. சும்மா நிக்குமா? அங்கயும் இங்கயும் நடக்கும். அந்த நடைதான் கரண்டு. அத விடவும் மறிக்கவும் தூசிய விடச் சின்னக் கதவு செய்யிறதுதான் இவங்க வேலை."

கொழுந்தெடுக்கிற பெண்கள் சிரித்தார்கள், கை தட்டினார்கள். முன்வரிசையில் அம்மா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். என் பேச்சை அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

இறங்கியதும் எல்லாரும் அவளைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். "இம்புட்டுப் படிச்சும் எங்களுக்கு வெளங்குற மாதிரி சொல்ல வச்சீங்களே!"

"நான் இல்லீங்க, எல்லாம் இவதான்," என்றாள் அவள், உண்மையாகவே.

"பாத்தியா, கொஞ்சங்கூட பெரும இல்ல," என்றார்கள்.

லயத்துக்குத் திரும்பும்போது அம்மா சந்தோஷமாக நடந்தார். "என்னா ஆராய்ச்சி! எனக்கே வெளங்கிருச்சு."

"சொன்னது நாந்தாம்மா."

"ஆமா, நீயும் நல்லாத்தான் சொன்ன," என்றார் அம்மா. "அவ சொல்லிக்குடுத்ததுதான?"