ஏழுமலைக்குப் பதிலாக நின்ற ஆறு நாட்கள்

1

1955 நவம்பர் 7, திங்கட்கிழமை. காலை ஏழு அடிக்க ஐந்து நிமிடம். இரவு முழுவதும் பெய்த மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. தெற்கே மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து அரை மைல் தள்ளி, சாக்கடைக் குழாய் சுடும் தொழிற்சாலை ஒன்றின் கேட்டில் நான் டைம் கீப்பர். குடையைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ரிஜிஸ்டரில் தண்ணீர் படாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்றுதான் எங்களுக்கு முதல் லே-ஆஃப். சூளைக்கு நிலக்கரி இல்லை. வடக்கிலிருந்து வரவேண்டிய வேகன் எங்கே நிற்கிறது என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியவில்லை. கரி இல்லாவிட்டால் சூளை இல்லை, சூளை இல்லாவிட்டால் களிமண் பிசைகிறவனுக்கும் வேலை இல்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலையில்லாதவனுக்குச் சர்க்கார் மாதாமாதம் பணம் தரும் ஏற்பாடு எதுவும் அப்போது கிடையாது. பட்டணத்துக்குப் போய் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்தால் ஒரு கார்டு கொடுப்பார்கள். அதைக் குறித்த காலத்தில் புதுப்பிக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு இருந்த ஒரே பிடிமானம், இரண்டு வருஷத்துக்கு முன் வந்திருந்த லே-ஆஃப் சட்டம். ஒரு வருஷம் சர்வீஸ் முடித்தவனுக்கு, கம்பெனி வேலை கொடுக்க முடியாத நாளில் பாதிச் சம்பளம் உண்டு. ஆனால் அவன் வழக்கமான நேரத்துக்கு கேட்டுக்கு வந்து தன்னைக் காட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்கவில்லையென்றால் அந்த நாளுக்குப் பாதிக் கூலி. வராதவனுக்கு ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் நோட்டீஸாக எழுதி சனிக்கிழமை மாலையே போர்டில் ஒட்டியது நான்தான். இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மழையில் இரண்டும் ஊறி மசி வழிந்து, திங்கட்கிழமை காலை போர்டில் நீலத் திட்டுதான் இருந்தது. மறுபடி எழுதி ஒட்டினேன். அதுவும் ஊறியது.

2

ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. அதை என் ஜன்னலில் கொடுத்தால் வந்ததாகக் கணக்கு. அன்று வரிசையில் நாற்பத்து மூன்றாம் நம்பர் டோக்கனை நீட்டியது ஒரு பெண்ணின் கை. தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள்.

“இது ஏழுமலை டோக்கன் ஆச்சே. அவன் எங்கம்மா?”

“ஏரிக்கரைக்குப் போய்க்கிறாருங்க. கரை ஊறிக்கினு நிக்குது. ராப்பகலா ஆளுங்க மண் அணைச்சிக்கினு கீறாங்க. நான் அவரு சம்சாரம், முனியம்மா.”

“சரிம்மா” என்றேன். ஏழுமலை பெயருக்கு நேரே லீவு என்று எழுதினேன். புருஷன் வரமுடியாத காரணத்தைச் சொல்ல வந்திருக்கிறாள், சொல்லிவிட்டாள், காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அவள் போகவில்லை. மற்றவர்களோடு தகரக் கொட்டகையின் ஓரத்தில் ஒன்பது மணி வரை நின்றாள். பாதிக் கூலிக்கான இரண்டு மணி நேரம் முடிந்து எல்லோருக்கும் டோக்கனைத் திருப்பிக் கொடுத்தபோது, அவளும் கை நீட்டி வாங்கிக்கொண்டு போனாள். மழைக்கு ஒதுங்கி நிற்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தாள். புதன்கிழமை வந்தாள். நான் “சரிம்மா” என்றேன், லீவு எழுதினேன். தினமும் வந்து லீவு சொல்கிற வீட்டை நான் அதுவரை கண்டதில்லை. நல்ல ஒழுங்கான குடும்பம் என்றுகூட வீட்டில் சொன்னேன். சனிக்கிழமையோடு ஆறு நாள் ஆயிற்று.

யார்டு மேஸ்திரி காதர், பழவேற்காட்டுக்காரர், எதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பவர், வியாழக்கிழமை அவளைப் பார்த்துக் கேட்டார்: “இன்னாம்மா, புருஷன் கம்பெனில உன்ன அடகு வச்சிட்டானா?”

“அடகு வச்சா துட்டாவது வந்திருக்கும் பாய். இங்க காலு நோவறதுதான் மிச்சம்” என்றாள் அவள். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்கவில்லை.

3

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் ஓடிவந்தான். கரி வேகன் வந்துவிட்டது. மாலைக்குள் இறக்காவிட்டால் வேகனைக் காக்க வைத்ததற்கு ரயில்வேக்கு டெமரேஜ் கட்ட வேண்டும்.

காதர் மேஸ்திரி கொட்டகைக்கு வந்து கையைத் தட்டினார். “நிக்கிறவங்க எல்லாம் கூடைய எடுங்க! நாஷ்டா அப்புறம்! இந்தா, முனியம்மா, உன்னியும்தான். மரம் மாதிரி நின்னுக்கினு இருக்காத.”

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு போனாள். இருட்டும்வரை கரி சுமந்தாள். வேலை நடக்கிற நாளில் டோக்கன்களைத் திருப்பித் தராமல் மாலைவரை ஒரு பெட்டியில் போட்டு வைப்பேன். அன்று மாலை அதில் நாற்பத்து மூன்றும் இருந்தது. பெட்டியில் இருந்தால் அந்த நம்பர் வேலைக்கு வந்ததாகத்தான் எழுத வேண்டும். எழுதினேன்.

மறுநாள் ஏழுமலையே வந்தான். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. ஏரி தப்பித்தது என்றான்.

4

சனிக்கிழமை சம்பளம். லே-ஆஃப் வாரத்துப் பாதிக் கூலியும் சேர்ந்து வந்தது. ஏழுமலைக்கு மட்டும் முந்தைய வாரத்துக்கு ஒன்றும் இல்லை. அவன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வெளியே போனான். கால் மணியில் முனியம்மாவோடு திரும்பி வந்தான்.

“ஐயா, ஆறு நாளு நான் வந்தேனா இல்லியா?”

“வந்தம்மா.”

“டோக்கன் குடுத்தேனா?”

“கொடுத்த. ஆனா அவன் வரணும். நீ லீவு சொல்ல வந்தேன்னு நினைச்சேன்.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “லீவு சொல்றதுக்கா ரெண்டு மணி நேரம் மழைல நிப்பாங்க? எங்க ஊர்ல ஏரி வேலைன்னா ஊட்டுக்கு ஒரு ஆளு. அண்ணன் இல்லன்னா தம்பி, தம்பி இல்லன்னா அப்பன். யாரு நின்னாலும் அந்த ஊடு வந்துட்ட கணக்கு. கரைல பொம்பளைய சேக்க மாட்டாங்க. அதான் அவரு அங்க, நான் இங்க. ஒரு ஊட்லேர்ந்து ரெண்டு எடத்துக்கும் ஆள் அனுப்பினோம். நீங்க சரிம்மா சரிம்மான்னீங்களே?”

அந்த வாரம் அவர்கள் வீட்டில் இரண்டு குழந்தைகளுக்குக் கஞ்சிக்கு அரிசி கடனாகத்தான் வந்திருக்கிறது, இந்தப் பாதிக் கூலியைச் சொல்லித்தான் கடைக்காரரிடம் வாங்கியிருக்கிறார்கள் என்று ஏழுமலை மெல்லச் சொன்னான். கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

மேனேஜர் பட்டணத்துக்காரர். கெட்டவர் அல்ல, செலவு என்றால் மட்டும் முகம் மாறும். கதையைக் கேட்டார். சட்டப் புத்தகத்தைத் தட்டினார். “ஒர்க்மேன்தான் வரணும். ஒர்க்மேனோட பெண்டாட்டி வந்தா எப்படிய்யா? அது சரி, திங்கட்கிழமை கரி இறக்கினது யாரு?”

“அந்தம்மாதான் சார்.”

“அதுக்கு ஏழுமலை ரேட்டுல ஒன்றரை ரூபா போட்டிருக்கே! பொம்பளைக் கூலி ஒரு ரூபாதானே? எட்டணா கூடப் போயிருக்கு. அதப் பிடிக்கணுமே.”

முனியம்மா அதுவரை கதவருகில்தான் நின்றாள். இப்போது உள்ளே வந்தாள்.

“நல்லா இருக்குது தொர உங்க கணக்கு. கூடை தூக்கறப்ப நான் ஏழுமல. காசு குடுக்கறப்ப நான் முனியம்மாவா? நான் அவரு இல்லன்னா அன்னிக்கு இன்னாத்துக்கு உங்க மேஸ்திரி கூப்டாரு? நான் அவருன்னா ஆறு நாளு இன்னாத்துக்கு இல்ல?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வாசலில் நின்ற காதர் மேஸ்திரி, “நான்தான் சார் கூப்ட்டேன். கரி இறக்கறப்ப ஆம்பளயா பொம்பளயான்னு எனக்கு வித்தியாசம் தெரியல, எல்லாம் கறுப்பா இருந்துச்சு” என்றார்.

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, ஆறு நாள் பாதிக் கூலியைக் கொடுக்கச் சொல்லி வவுச்சரில் கையெழுத்துப் போட்டார். எட்டணாவையும் பிடிக்கவில்லை. அவர்கள் போன பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினார்: “லீவுன்னு எழுதினத அடிச்சிட்டு, வந்தான்னு திருத்திடுய்யா. இல்லேன்னா ஆடிட்ல பேஜாரு.”

“அவன் வரலையே சார்.”

“அப்ப ஆடிட்டருக்கு நீயே பதில் சொல்லிக்க.”

நான் திருத்தவில்லை. நேர்மை என்று பெருமையாகச் சொல்லவில்லை. அடித்து எழுதிய ரிஜிஸ்டரோடு எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். அவள் வந்தது உண்மை, அவன் வராதது உண்மை. இரண்டையும் காட்ட அந்த ரிஜிஸ்டரில் கட்டம் இல்லை. லீவுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில், ‘மனைவி வந்து நின்றார்’ என்று ஆறு இடத்திலும் சேர்த்து, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

1956 ஏப்ரலில் ஆடிட்டர் வந்தார். என் சிறிய எழுத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். “இது என்ன சார், கல்யாணப் பத்திரிகையா?” என்றார். முதல் நாளே கேட்டிலேயே விதியைச் சொல்லியிருக்க வேண்டியது டைம் கீப்பர், ஆகவே தொகையை அவரிடமே பிடிக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். மழையில் நோட்டீஸ் ஊறியதை மேனேஜரிடம் சொன்னேன். நோட்டீஸ் ஊறினால் அந்த நஷ்டம் கம்பெனியுடையது இல்லையா என்றும் கேட்டேன். அவர் ஆடிட்டர் எழுதிய தாளை என் பக்கம் நகர்த்தினார்.

5

அந்த வருஷமே காதர் மேஸ்திரி சொல்லி முனியம்மாவை மண் யார்டில் சேர்த்துக்கொண்டார்கள். நூற்றுப் பதினெட்டாம் நம்பர் டோக்கன்.

1957 நவம்பரில் மறுபடியும் கரி இல்லை, மறுபடியும் லே-ஆஃப், மறுபடியும் மழை. இந்த முறை நான் நோட்டீஸை நம்பவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி நின்று கத்தினேன்: “டோக்கன்ல யார் பேரோ அவங்களே வரணும்! அண்ணன், தம்பி, சம்சாரம் யாரும் செல்லாது! ஏழு மணிக்கு வந்து ஒன்பது வரைக்கும் நிக்கணும்! வந்தா பாதிச் சம்பளம் உங்க உரிமை, யாரும் தர்மம் பண்ணல! ஒரு வருஷம் ஆகாதவங்க தனியா வந்து என்கிட்ட கேளுங்க!”

வரிசையில் நாற்பத்து மூன்றும் நூற்றுப் பதினெட்டும் அடுத்தடுத்து நின்றன. இரண்டு டோக்கனையும் வாங்கிக்கொண்டு, “ஏரிக்கரை எப்படி இருக்கு? அங்க யாரு?” என்று கேட்டேன்.

“எங்க மாமியா போய்க்கிது” என்றாள் முனியம்மா. “பொம்பளைய சேக்க மாட்டேன்னாங்க. ஒக்காந்துகினு எல்லாருக்கும் டீ வச்சி குடுக்குது. ஊட்டுக்கு ஒரு ஆளு கணக்குல சேந்துடுச்சி.”

லேபர் ஆபீசிலும் எக்ஸ்சேஞ்சிலும் கேட்டிலும் உட்காரப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். வேலை இல்லாமல் நிற்கிறவனுக்கு ஏதாவது கிடைக்கும் என்று சட்டம் சொன்னால், அதை யார் வந்து, எத்தனை மணிக்கு, எப்படி வாங்க வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். ‘சரிம்மா’ என்று சொல்வதற்கு முன், ‘எதுக்கும்மா நிக்கிற?’ என்று ஒரு தடவை கேளுங்கள். நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விக்கு, நாளைக்குப் பன்னிரண்டணா வீதம் ஆறு நாளுக்கு, 1956 ஏப்ரல் சம்பளத்தில் என்னிடம் பிடித்தது நாலு ரூபாய் எட்டணா.