பட்டை உரித்த தேயிலை

ஹட்டனில் மருமகனின் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தொட்டியில் வளர்த்த குள்ள மரம் ஒன்றை மின்சாரக் கருவியால் குடைந்துகொண்டிருந்தார். கருகிய மரத்தூளின் வாடை வந்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

இலங்கையில் எழுபதுகளில் வந்த பஞ்சத்தில், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அம்மா தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவில் வாசல் கூட்டினாள்; சிறுமியான நானும் கூடப் போவேன். தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் குப்பி விளக்குத்தான். துரையோ தொட்டியிலிருந்த தேயிலைச் செடியின் பட்டையை உரித்து, மின்சார டிரில்லால் தண்டைக் குடைவார். அது பட்டுப்போன கிழட்டு மரமாகத் தெரியவேண்டுமாம். அம்மா தண்டைப் பிடித்துக்கொள்வாள். கருகிய வாடையோடு ஈரத்தூள் அவள் முகத்தில் தெறிக்கும். குடைந்த இடத்தில் பூசும் கந்தக மருந்து அழுகிய முட்டையாக நாறும். அந்த நாற்றம் ஒட்டிய கையால் அவள் தரும் மரவள்ளிக்கிழங்கு என் தொண்டையில் இறங்காது.

ஒருநாள் லயத்தில் எங்கள் பக்கத்து அறையான காம்பராவில் கைக்குழந்தை ஒன்று பசியில் இறந்தது. மறுநாள் துரை செடியைக் காட்டி, "பாரு, செத்த மரம் மாதிரியே இருக்கு. அழகு இல்லையா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா தண்டைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

"சாவு அழகா இருக்குன்னு எங்க லயத்துல வந்து சொல்லுங்க தொரை."

வாயில் விழுந்த தூளை அங்கேயே துப்பிவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு இறங்கினாள். அன்றோடு பங்களா வேலை போயிற்று.

"எப்படிம்மா இருக்கு?" என்று மருமகனின் நண்பர் தான் குடைந்த குள்ள மரத்தைக் காட்டி ஆசையாகக் கேட்டார்.

"அருவருப்பா இருக்கு தம்பி," என்றேன்.