புகையில்லா அடுப்பு புகைந்த நாட்கள்

எங்கள் வீட்டுக்குப் புகையில்லா அடுப்பு வந்தது சித்தியின் கண்ணுக்காக. அதை ஊர் ஊராகக் கட்டிக் கொடுத்ததற்கு அரசாங்கத்திடம் வேறு காரணங்கள் இருந்திருக்கும். அப்பா மனுப் போட்டதற்குக் காரணம் அது ஒன்றுதான்.

செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி, முந்திரிக் காட்டு வழியாக ஒரு மைல் நடந்தால் எங்கள் ஊர். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். அப்பா ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலைக்கு வேலைக்குப் போய் வந்தார். சித்தப்பா காட்டைப் பார்த்துக்கொண்டார். களையெடுப்பு, மாடு, தண்ணீர் எல்லாம் அம்மா பொறுப்பு. அடுப்படி சித்தியுடையது. கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷமே, "நீங்க வெளி வேலையப் பாருங்கக்கா, அடுப்ப நான் பாத்துக்கறேன்" என்று சித்தி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். அடுப்படியை யாராவது கேட்டு வாங்குவார்களா என்று ஊரே மெச்சியது.

எப்போது பார்த்தாலும் சித்திக்குக் கண் சிவந்திருக்கும். யாராவது கேட்டால் "பொகை" என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொள்வாள். யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் பழைய அடுப்பு அப்படிப்பட்டது. காய்ந்த பருத்திமார் வைத்தால் மடமடவென்று எரிந்து அடங்கிவிடும். பச்சை முந்திரிச் சுள்ளியோ மழையில் நனைந்த வேலிக்கருவையோ வைத்த அன்று, வீட்டுக்குள் நல்ல பாம்பு நுழைந்தாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த வழியே போய்விடும். ஓடெல்லாம் கரி. ஒட்டடைகூடக் கறுப்பாகத்தான் தொங்கும்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, ரசம் ஊற்ற வந்த சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டார். தம்பி மனைவியிடம் நேராகப் பேசும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அதனால் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் புள்ளைக்குக் கண்ணே போயிடும் போலருக்கு. யூனியன் ஆபீஸ்ல ஏதோ அடுப்பு கட்டித் தராங்களாம். எழுதிப் போடறேன்."

சித்தி சட்டென்று, "எதுக்குக்கா அதெல்லாம், இதே நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதை எல்லாரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதமே ஆபீஸிலிருந்து ஓர் அக்கா வந்தார். கூடவே ஒரு கொத்தனார். களிமண்ணும் வைக்கோலும் சாணமும் பிசைந்து ஒரே நாளில் கட்டி முடித்தார்கள். முன்பக்கம் விறகு வைக்க ஒரே வாய். மேலே இரண்டு கண். முன் கண்ணில் சோறு வெந்தால், அங்கே மிஞ்சிய சூட்டில் பின் கண்ணில் குழம்பு கொதிக்கும். அதையும் தாண்டி வருகிற புகை சிமெண்ட் குழாய் வழியாக ஓட்டைத் தாண்டி வெளியே போய்விடும். குழாயின் அடியில், சேருகிற கரியை அள்ளுவதற்குக் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதை அரைச் செங்கல்லால் மூடி வைக்க வேண்டும்.

எப்படி எரிக்க வேண்டும் என்று அந்த அக்கா பாடம் நடத்தினார். விறகு பெருவிரல் கனத்துக்குப் பிளந்திருக்க வேண்டும், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வாயை அடைத்துத் திணிக்கக் கூடாது, காற்றுப் போக வழி விட வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் பாத்திரம் வைத்து இன்னொன்றைத் திறந்து போடக் கூடாது. காலையில் சாம்பலை அள்ளிவிட்டுத்தான் பற்ற வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். அடுப்பு மேலேயே விறகைக் காய வைத்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கவே கூடாது. பார்க்க வந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் விருந்தாளிக்குத் தலையாட்டுவது போலத் தலையாட்டினார்கள். ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்தவள், ஐந்தாம் வகுப்புப் படித்த நான் ஒருத்திதான்.

அதைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். "அடுப்பு பொகைஞ்சா எந்த நாள், என்ன காரணம்னு எழுதி வை பாப்பா. நான் வந்து பாக்கறேன்" என்றார். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். என் கையில் ஒரு நோட்டு.

அன்றிலிருந்து நான் அடுப்பு இன்ஸ்பெக்டர். சித்தப்பா வைத்த பெயர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வைக்காமல் அடுப்படிக்குப் போவேன். விறகைக் கணுவில் ஒடித்துப் பார்ப்பேன். ‘டொக்’கென்று ஒடியாவிட்டால் அதை வெயிலுக்கு அனுப்புவேன். சித்தி சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிவாள். முதல் வாரம் கண்ணாடி மாதிரி எரிந்தது அடுப்பு. விறகு பாதிதான் ஆனது. சமையல் நடக்கிற வீட்டில் மூச்சு விட முடிகிறதே என்று அப்பாவே உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டார்: "இப்பதான் பொகையே இல்லியே. இன்னும் ஏன் கண்ணு செவந்திருக்கு?"

"வெங்காயம் உரிச்சேன்" என்றாள் சித்தி.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "இன்னைக்குப் பருப்பும் ரசமும்தானே? வெங்காயமே போடலியே சித்தி" என்றேன். உண்மை பேச வேண்டும் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்தது. அம்மா தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்து, "தின்னுட்டு எழுந்திரு" என்றாள். கண்ணில் ஏதோ கோளாறு, பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சித்தப்பா நிஜமாகவே கவலைப்பட ஆரம்பித்தார்.

அதற்கப்புறம்தான் புகையில்லா அடுப்பு புகைய ஆரம்பித்தது.

தினமும் இல்லை. எப்போதாவது ஒரு நாள். காலையில் ஒழுங்காக எரிந்த அடுப்பு, சாயங்காலம் பார்த்தால் வாய் வழியாகக் குபுகுபுவென்று கக்கும். நடுவில் சித்தி இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் விறகைப் பார்ப்பேன், காய்ந்திருக்கும். சாம்பல் அள்ளியிருக்கும். இரண்டு கண்ணிலும் பாத்திரம் இருக்கும். அரைச் செங்கல் பக்கம் போனால் மட்டும், "அது சுடும், நீ தொடாத. கரியெல்லாம் நான் அள்ளிட்டேன்" என்பாள் சித்தி. நோட்டில் தேதி போட்டு, ‘புகைந்தது. காரணம்: தெரியவில்லை’ என்று எழுதுவேன்.

மூன்று மாதம் எழுதிய பிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. மாதத்தில் மூன்று நாள் சித்தி அடுப்படிக்கு வராமல் ஒதுங்கி உட்கார்ந்திருப்பாள். அந்த மூன்று நாளும் அம்மா சமைப்பாள். நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு சித்தி அடுப்படிக்குத் திரும்புவாள். அடுப்பு புகைந்தது பெரும்பாலும் அந்த நான்காம் நாளில். மூன்று மாதமும் அப்படியேதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடினேன். "நீ மூணு நாள் சமைக்கறியே, அதுலதான் அடுப்பு கெட்டுப் போவுது. நாலாம் நாள் சித்தி வந்து பொகையில கஷ்டப்படுது. உனக்கு வெறகு வைக்கவே தெரியல" என்றேன்.

அம்மா நோட்டை வாங்கி, தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். "ஆமாடி, எனக்குத் தெரியலதான்" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த ஆண்டு அத்தைக்கு, அப்பாவின் கடைசித் தங்கைக்கு, ஏழாம் மாதம். மாமியார் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்ததால் வளைகாப்பை எங்கள் வீட்டிலேயே வைத்தார்கள். அத்தைக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான். சித்திக்கு ஆறு வருஷம்.

எங்கள் பக்கம் வளைகாப்பில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை உண்டாகாத பெண் யாராவது இருந்தால், பிள்ளைத்தாய்ச்சி பக்கத்தில் அவளையும் உட்கார வைத்து, சந்தனம் பூசி, அவளுக்கும் இரண்டு வளையல் போடுவார்கள். அடுத்தது அவளுக்கு நடக்கட்டும் என்கிற நல்லெண்ணம்தான். ஆறு வருஷத்தில் சித்தி நான்கு வீட்டில் அப்படி உட்கார்ந்து வந்திருந்தாள். சித்திக்கு மட்டும் சும்மா சும்மா வளையல் கிடைக்கிறதே என்று எனக்குப் பொறாமையாக இருக்கும்.

வளைகாப்பு அன்று காலையிலிருந்து சித்தி அடுப்படியை விட்டு வரவில்லை. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று ஏழு வகை. கூடம் நிறைய வெளியூர்ப் பெண்கள். வரதராஜன்பேட்டையிலிருந்து அப்பாவின் அத்தை வந்திருந்தார். நாங்கள் பெரியத்தை என்போம். தங்கமான மனுஷி, ஆனால் நினைத்ததை ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வார். அத்தையை மணையில் உட்கார வைத்ததும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "சின்னவளே, நீயும் வந்து பக்கத்துல ஒக்காரும்மா. ரெண்டு வளையலப் போட்டு வுடறோம். வர்ற வருஷம் உனக்குத்தான்."

உள்ளேயிருந்து இருமல் வந்தது. "இங்க ஒரே பொகைங்க, கண்ணே தொறக்க முடியல. நீங்க போடுங்க, நான் அப்புறமா வரேன்" என்றாள் சித்தி. சொன்னது போலவே அடுப்படி வாசலிலிருந்து புகை கூடத்துக்கே வந்துகொண்டிருந்தது.

அதோடு விட்டிருப்பார்கள். ஆனால் ஒரு பெண், "இதுதான் அந்தப் பொகையில்லா அடுப்பா? எங்க வூட்டு அடுப்பே தேவலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுப்பைச் சொன்னது என்னைச் சொன்னது போல. ஆபீஸ் அக்காவைச் சொன்னது போல.

உள்ளே ஓடினேன். சித்தி புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். புகையில் அவள் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அவள் தடுப்பதற்குள் கரித் துணியால் அரைச் செங்கல்லைப் பிடித்து இழுத்தேன். உள்ளே கையை விட்டால் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தால் ஈரச் சாக்கு. சுருட்டித் திணித்த ஈரச் சாக்கு! அது வெளியே வந்ததுதான் தாமதம், குழாய் ஹோ என்று இழுக்க ஆரம்பித்தது. செங்கல்லைத் திரும்ப வைத்ததும் தீ தலை நிமிர்ந்து எரிந்தது. "வேணாம், தங்கம்" என்று சித்தி சொன்னது காதில் விழுந்தது. எதை வேண்டாம் என்கிறாள் என்று நான் நின்று கேட்கவில்லை.

கரி சொட்டும் சாக்கோடு கூடத்துக்கு ஓடி வந்து கத்தினேன்: "அடுப்பு நல்லாத்தான் இருக்கு! சித்திதான் கொழாய்க்குள்ள சாக்க வச்சு அடைச்சிருக்கு! வந்து பாருங்க, இப்பப் பொகையே இல்ல!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புகை விலகிவிட்டதால் அடுப்படி வாசல் வழியாகச் சித்தி நன்றாகத் தெரிந்தாள். கையில் கரண்டி. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. புகை போன பிறகும் அது நிற்கவில்லை. நான் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு, யாராவது பாராட்டுவார்கள் என்று நின்றேன்.

இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

அம்மாதான் முதலில் பேசினாள். சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அட, அந்தச் சாக்கா? அத வச்சது நாந்தான்" என்றாள். "காலைல கொழாய்க்குள்ள ஓணான் எறங்கிடுச்சு. எங்க சோத்துல வந்து வுழுந்துடுமோன்னு அடைச்சு வச்சேன். எடுக்க மறந்தே போயிட்டேன். பாவம், அவ அந்தப் பொகையில கெடக்கறா."

"ஓணானா!" என்று யாரோ அலறினார்கள். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. பெரியத்தை சிரிக்கவில்லை. அடுப்படி வாசலை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி சரி, நல்ல நேரம் போவுது. புள்ளைக்கு வளையலப் போடுங்க. அவ வேலையா இருக்கா, வுடுங்க" என்றார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

சித்திக்கு அப்புறமாவது குழந்தை பிறந்ததா என்று, இதைச் சொன்னால் எல்லாரும் கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்துதானே அவள் புகைக்குள் போய் உட்கார்ந்தாள்.

அம்மா என் காதைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துப் போனாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். அம்மா என்னை அடிக்கவில்லை. என் கையிலிருந்த சாக்கை வாங்கினாள். தவலைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள். செங்கல்லை எடுத்துவிட்டு, தன் கையாலேயே அதைக் குழாய்க்குள் திணித்தாள். புகை குப்பென்று திரும்பி வந்தது. பிறகு சித்தியின் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்படிப் பண்ணக் கூடாது" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "கண்ணு கெட்டுப் போயிடும்னு ஆபீஸ் அக்கா சொன்னாங்க."

"தெரியும்டி. நீ வெளிய போ. கதவச் சாத்திட்டுப் போ."

கதவைச் சாத்திக்கொண்டு சமைக்கவே கூடாது என்பதும் விதிதான். ஆனால் அம்மா சொன்ன விதத்தில் நான் சாத்திவிட்டு வந்தேன். உள்ளே இரண்டு பேர் இருமுவது கேட்டது. கூடத்தில் அத்தைக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். "திரும்பவும் பொகையுதே" என்று ஒருத்தி சொல்ல, "அந்த ஓணான் திரும்பி வந்திருக்கும்" என்று இன்னொருத்தி சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

ரொம்ப நேரம் கழித்து இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். இரண்டு பேருக்கும் கண் ஒன்று போலச் சிவந்திருந்தது. "பொகை" என்றாள் அம்மா. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் முற்றத்தில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். இத்தனை மாதமாக ‘தெரியவில்லை’ என்றே எழுதி எழுதி அலுத்துப் போயிருந்தது. அன்றைக்குத்தான் என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். பென்சிலை நன்றாகச் சீவிக்கொண்டு, அழுத்தி எழுதினேன்: ‘புகைந்தது. காரணம்: அம்மா.’