மூடியைத் திருப்பிய கணக்கு

சேதராப்பட்டில் பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். என் மேசையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். இணையம் கிடையாது, புதிதாக எதையும் ஏற்றவும் கூடாது. ஒருநாள் மேனேஜர் வந்து, "அளவெல்லாம் நம்பராவே குடுக்கறியே, மூடிய திருப்பித் திருப்பிப் பாக்கற மாதிரி காட்ட முடியுமாம்மா?" என்றார். கல்லூரியில் படித்த தைரியத்தில் முடியும் என்றேன்.

முப்பரிமாணப் படம் வரைய அதில் ஆயத்தமாக எதுவுமே இல்லை. திரையில் ஒரு புள்ளி வைக்கலாம், அவ்வளவுதான். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிய வேண்டுமென்றால் நானே தூரத்தால் வகுக்க வேண்டும். திருப்புவதற்கு சைன், கொசைன். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ப்ரோகிராம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உறுவையாறு வீட்டில் துணியை ஊறவைத்துவிட்டுத் தாளில் கணக்குப் போட்டேன்.

"ஆபீஸ் வேலய வூட்டுக்கு எதுக்கு எடுத்துனு வர?" என்று வீட்டுக்காரர் கேட்டார். தாளைத் திருப்பி அடுத்த கணக்கைப் போட்டேன்.

ஒருவழியாக மூடி திரையில் வந்தது. பக்கத்து மெஷினில் நிற்கும் அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, பின்னாடி இருக்கறதெல்லாம் முன்னாடி தெரியுது?" என்று சிரித்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் தூரத்தைக் குறித்துவைத்து, அதைவிடக் கிட்டே இருப்பது வந்தால் மட்டும் மேலே வண்ணம் பூச வேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தேன். எங்கோ ஒரு கழித்தல் குறி தவறி, தூரமானதைக் கிட்டே என்று எடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் கழுத்து வலி நிரந்தரமாகிவிட்டது.

குறியை மாற்றியதும் மூடி சாம்பல் நிறத்தில், முன்பக்கம் மட்டும் தெரிய, ஒழுங்காக நின்றது. மேனேஜரைக் கூப்பிட்டுத் திருப்பிக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னாமா, இப்பிடி இழுத்துக்கினு வருது?"

"படம் வரையறதுக்குன்னு தனியா கார்டு இதுல இல்ல சார். ஒவ்வொரு புள்ளிக்கும் அதுவே கணக்குப் போடணும்."

"சரி, அடுத்த வாரம் புது கம்ப்யூட்டர் வருது. சாஃப்ட்வேரும் அதுலியே வந்துடும்."

"எப்ப சார் முடிவாச்சு?"

"அது போன மாசமே."

கோபப்படத் தெம்பில்லை. தலையாட்டிவிட்டு, அவர் போன பிறகு மூடியை இன்னும் ஒரு சுற்று திருப்பிப் பார்த்தேன். மெதுவாகத்தான் திரும்பியது. ஆனால் எந்தப் பக்கமும் பிசகவில்லை.

புதியது வந்ததும் பழையதை ஸ்டோர் ரூமுக்குக் கொண்டுபோனார்கள். அதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர்தான் கேட்டார்: "முடிஞ்சிட்ச்சா அது?"

"முடிஞ்சிட்ச்சி."

"அப்ப ஞாயித்துக்கெழம தூங்கு. துணிய நான் பாத்துக்கறன்."