எல்லோரும் வாசித்த கணக்கு வகுப்பு

பி.எட். படித்தபோது எங்களுக்கு ஒரு தாள் இருந்தது. கணக்கோ, அறிவியலோ, வரலாறோ, எந்தப் பாடமானாலும் அதை வாசிக்கக் கற்றுத் தருவது அந்தந்தப் பாட ஆசிரியரின் வேலை, தமிழாசிரியர் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அருமையான கருத்து. தஞ்சாவூரில் எங்கள் பேராசிரியை அதைப் பழைய நோட்டிலிருந்து சொல்லச் சொல்ல, நாங்கள் தலை நிமிராமல் எழுதினோம். வாசிக்கும் முன் செய்ய வேண்டியவை ஏழு, வாசிக்கும்போது ஒன்பது, வாசித்த பின் ஆறு. எழுதியதை யாரும் வாசித்ததாக எனக்கு நினைவில்லை. ரெகார்டு நோட்டுக்கு வண்ணப் பேனாவால் ஓரம் கட்டவே நேரம் போதவில்லை.

நான் கணிதப் பட்டதாரி. கணக்கில் வாசிக்க என்ன இருக்கிறது என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அந்தத் திமிரோடுதான் கற்பித்தல் பயிற்சிக்காகப் பாபநாசம் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். எனக்கு ஒன்பதாம் வகுப்பு. வழிகாட்டியாக வாய்த்தவர் அந்த வகுப்பின் கணக்கு ஆசிரியர். முதல் நாளே கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணைக் காட்டினார்.

"அந்தப் புள்ளைய விட்டுடுங்க டீச்சர். எண்ணா குடுத்தா போட்டுரும். வாக்கியமா வந்தா பேனாவ மூடி வச்சிரும்."

நானும் விட்டுவிட்டேன். மூத்தவர் சொல்லைத் தட்டலாமா?

ஒரு நாள் வகுப்பில் ஒரே சத்தம். அடக்குவதற்காக அடுத்த கணக்கை நானே உரக்கப் படித்தேன். ஒரு செவ்வக வயலின் நீளம் அகலத்தைவிடப் பன்னிரண்டு மீட்டர் அதிகம், சுற்றளவு நூற்று நான்கு மீட்டர் எனில் நீளமும் அகலமும் காண்க. மற்றவர்கள் மார்ஜின் போட்டுக்கொண்டிருக்கும்போதே கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"முப்பத்திரண்டு, இருபது. ஆனா வயலு எங்க மிஸ் இப்படிக் கோடு போட்டாப்புல இருக்கு? எங்க பக்கம் வரப்பெல்லாம் வளைஞ்சுல்ல போவுது?"

வகுப்பு சிரித்தது. புத்தகத்தை அவளிடம் கொடுத்து அடுத்த கணக்கைப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிட்டாள். கணக்கு வராத பெண் இல்லை, கணக்கைப் படிக்க வராத பெண். ஓரம் கட்டி அழகு பார்த்த நோட்டில் இருந்தது உண்மையாகவும் இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்த கையோடு அவள் என்னிடம் வர ஆரம்பித்தாள். நீளமான சொற்களைப் பென்சிலால் வெட்டிப் படித்தோம். கொடுத்திருப்பதற்கு நேர்கோடு, கேட்டிருப்பதற்கு வளைகோடு. ஒவ்வொரு கணக்கிலும் 'எனில்' வந்து மிரட்டுகிறது என்றாள். "அதப் பாத்தா 'அப்புடின்னா'ன்னு சொல்லிக்க" என்றேன். அதன் பிறகு அது அவளை மிரட்டவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு கணக்கை முழுசாகப் படித்தாள். நான்கு நிமிடம் ஆயிற்று.

"பரீட்சைக்கு வர்றவங்க முன்னாடி நான் படிக்கவா மிஸ்? நம்ம சாரும் இருப்பாங்கல்ல?"

"நீதான் படிக்கணும்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தனை சந்தோஷம்.

பரீட்சை என்பது எனக்குத்தான். வெளியிலிருந்து இரண்டு தேர்வாளர்கள் வந்து நான் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அன்று காலை வழிகாட்டி ஆசிரியர் ஒரு பட்டியலோடு வந்தார்.

"இந்த ஆறு பேரப் பக்கத்துல லேபுக்கு அனுப்பிடுங்க டீச்சர். வருசா வருசம் எல்லாரும் செய்றதுதான். நாப்பது நிமிசத்துல இதுகள வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? உங்க மார்க்கு, பாத்துக்கங்க."

நாற்பது நிமிடத்தில் அவளுக்கு நான்கு போனால் மீதி எவ்வளவு என்று கணக்குப் பட்டதாரி மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். பிறகு, பட்டியலில் முதல் பெயராக இருந்த அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணை நானே கூப்பிட்டேன்.

"லேப்ல சார்ட்டெல்லாம் ஒட்டணும்மா. நீ போயி பாத்துக்க."

"சரி மிஸ்" என்று புத்தகத்தோடு போனாள்.

பாடம் பிரமாதம். கரும்பலகையில் 'அனைவருக்கும் வாசிப்பு' என்று எழுதியிருந்தேன். மேசையில் தெர்மாகோல் வயல், ஸ்கேல் வைத்து வரைந்த வரப்புகள். வகுப்பின் முதல் ரேங்க் மாணவி, நான் முந்தின நாள் சொல்லிக்கொடுத்தபடியே திக்கித் திக்கி நடித்து, கணக்கைப் படித்து முடித்தாள். தேர்வாளர்களில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கேட்டார்.

"மெல்லக் கற்கிற பிள்ளைங்களுக்கு என்னம்மா செஞ்சீங்க?"

கொட்டித் தீர்த்துவிட்டேன். பென்சில் வெட்டு, வளைகோடு, 'அப்புடின்னா', மதிய இடைவேளைகள், ஒன்றையும் விடவில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப நல்லாருக்கே. எங்க அந்தப் பொண்ணு? படிக்கச் சொல்லுங்க, கேப்போம்."

வழிகாட்டி ஆசிரியர் என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு லீவு சார்" என்றேன். தங்குதடை இல்லாமல் வந்தது.

தேர்வாளர்களின் கார் கிளம்பிய பிறகு லேபுக்குப் போனேன். எங்கள் வகுப்புக்கும் லேபுக்கும் நடுவில் இருந்தது கூரைவரை எட்டாத தடுப்புச் சுவர். சார்ட்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தாள். கையில் புத்தகம் திறந்தே இருந்தது.

"போயிட்டாங்களா மிஸ்? இப்பப் படிக்கவா?"

நின்றுகொண்டே படித்தாள். மற்ற ஐந்து பேரும் சுற்றி நின்று கேட்டார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. விடையும் சொன்னாள். நான் ஏதோ பாராட்டினேன்.

அவள் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"நான் இன்னிக்கு வந்துருக்கேன் மிஸ்" என்றாள்.

அந்தப் பாடத்துக்கு எங்கள் கல்லூரியிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். ரெகார்டில், வருகை தராதோர் என்ற கட்டத்தில், அவள் பெயரை என் கையாலேயே அழகாக எழுதிச் சமர்ப்பித்தேன்.