கடலடியில் டீக்கடை இல்லை

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் எடை போடும் வெள்ளத்துரைக்கு உலகத்தில் ஜென்ம விரோதி ஒன்றுதான்: தண்ணீர். பிச்சிப்பூவில் தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டிக் கொண்டுவருகிறவர்களைப் பிடிப்பதிலேயே தலை நரைத்தவர் அவர். கூடைக்குள் கையை விட்டு அடிப்பூவைப் பிழிந்து பார்க்காமல் தராசில் ஏற்ற மாட்டார். மகள் ஜெயசித்ராவுக்கு வந்த வரன்களையும் அப்படித்தான் பிழிந்தார். மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்துக்கு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்து விசாரிப்பார், வரன் கலைந்துவிடும்.

இப்போது வந்திருப்பது சிவகிரி கோகுல். அந்தமானில் வேலை. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் ஆட்களைக் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுகிறான்.

"எனக்கு இவரைப் பிடிச்சிருக்குப்பா. இதையும் கலைச்சியன்னா இனி எனக்குக் கல்யாணப் பேச்சே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள் ஜெயசித்ரா.

வெள்ளத்துரை நியாயமான மனிதர்; விசாரிக்காமல் கலைக்க மாட்டார். ஆனால் கடலடியில் டீக்கடை இல்லையே. போதாக்குறைக்கு, நன்றாக முங்கிப் பழகியவர்களைத் தவிர வேறு யாரையும் அந்தப் பாறைக்கு இறக்க மாட்டார்களாம். அவன் வேலையைக் கண்ணால் பார்த்தவர் எல்லாம் அவன் கூட்டாளிகள். சாட்சி எப்படிச் செல்லும்? கடைசியில், மகள் அனுப்பிய வீடியோவைப் பீர் மைதீன் டீக்கடை பெஞ்சில் வைத்து விசாரணைக்கு எடுத்தார்.

கத்தரிப்பூ நிறத்தில் பாறை. அதைச் சுற்றி மஞ்சள் மீன்கள்.

"இது சாயம், வே."

"மீனுக்கு யாரு அண்ணாச்சி சாயம் போடுவா?" என்றார் பீர் மைதீன்.

"பூவுக்கே போடுதான். மீனுக்குப் போட மாட்டானா? அதை விடும். இம்புட்டு நேரத்துல இவன் ஒரு வார்த்தை பேசுனானா பாரும். அமுக்கன்."

"தண்ணிக்குள்ள வாயைத் திறந்தா செத்துருவான் அண்ணாச்சி."

வெள்ளத்துரை சமாதானம் ஆகாமல் வீடியோவை முதலிலிருந்து ஓட்டினார். படகில் கோகுல் தன் கூட்டாளியின் முதுகுச் சிலிண்டர் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். சிலிண்டர் வால்வைத் திருகி, காற்று எவ்வளவு என்று முள்ளைப் பார்த்தான். கூட்டாளியும் கோகுலை அதேபோல் சோதித்தான். பிறகு, ஐம்பது முறை முங்கியிருக்கிறேன் என்று பெருமை பேசிய ஒரு தடியரை ஆழமில்லாத இடத்தில் இறக்கி, முகக்கண்ணாடியைத் தண்ணீருக்குள்ளேயே கழற்றி மாட்டச் சைகை காட்டினான் கோகுல். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமினார். பாறைக்குக் கூட்டிப்போகாமல் படகிலேயே உட்காரவைத்துவிட்டான்.

வெள்ளத்துரை நிமிர்ந்து உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார். "ஏட்டி, கூட இறங்குத பையன் யாரு?"

"பிரவின்ராஜ். வருஷக்கணக்கா சேந்துதான் இறங்குதாவ. அப்பவும் தினம் ஒருத்தரை ஒருத்தர் இப்படித்தான் பாத்துக்கிடுவாவளாம்."

கூடைக்குள் கைவிட்டுப் பார்க்கிற பையன். வெள்ளத்துரை சம்மதம் சொல்ல வாயெடுத்தபோது பீர் மைதீன் தொண்டையைக் கனைத்தார்.

"உங்ககிட்ட சொல்லாதீங்கன்னாவ அண்ணாச்சி. போன வாரம் சிவகிரியிலேருந்து மாப்பிள்ளை வீட்டாளுக ரெண்டு பேரு வந்து, இதே பெஞ்சில இருந்து உங்களப் பத்தி விசாரிச்சாவ."

வெள்ளத்துரை டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். "என்ன சொன்னீரு?"

"எதையும் நம்ப மாட்டாரு, மத்தபடி தங்கமான ஆளுன்னேன்."

"நம்புனாவளா?"

"எங்க? நேரா எதுத்த சலூன்ல போய் மறுபடியும் கேட்டாவ."

வெள்ளத்துரையின் முகம் மலர்ந்தது. "மக்கா, சரின்னு சொல்லிரு" என்று போனை வைத்தார். டீயைக் குடித்து முடித்தார். ரோட்டைக் கடந்து சலூனுக்குள் நுழைந்தார். பீர் மைதீன் சொன்னது உண்மைதானா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டாமா?